பைபோலார் உள்ளவருக்குக் குடியும் புகையும்: எது எதைக் கெடுக்கிறது?

கேள்வி இதுதான்: தம்பிக்கு 34 வயது, பைபோலார் கோளாறு. அதாவது மனநிலை சில காலம் மேனியா என்ற மிகை எழுச்சிக்கும், சில காலம் மனச்சோர்வுக்கும் போகும் நோய். அதற்கு லித்தியம், ஒலான்சபின் என்ற இரண்டு மருந்துகள் சாப்பிடுகிறார். சனி, ஞாயிறு குடி. தினமும் ஒரு பாக்கெட் சிகரெட். "மனசு சரியில்லாததாலதான் குடிக்கிறேன், மனசு சரியானா தானா விட்டுடுவேன்" என்கிறார். அது உண்மையா, இரண்டையும் ஒரேயடியாக நிறுத்தினால் நோய் திரும்பிவிடுமா என்று அவருடைய அக்கா கேட்கிறார்.

தம்பி பொய் சொல்லவில்லை. குடித்த முதல் ஒரு மணி நேரத்தில் நெஞ்சுப் படபடப்பு அடங்குவதும், ஓடிக்கொண்டே இருக்கும் எண்ணங்கள் மெதுவாவதும் உண்மையாகவே நடக்கின்றன. ஆனால் மாதக் கணக்கில் பார்த்தால் கதை மாறிவிடுகிறது. அமெரிக்காவின் மிச்சிகன் பல்கலைக்கழகக் குழு, பைபோலார் வகைக் கோளாறு உள்ள 584 பேரைக் குறைந்தது 5 ஆண்டுகள் தொடர்ந்து கவனித்து 2024-ல் முடிவுகளை வெளியிட்டது. ஒருவர் தன் வழக்கமான அளவைவிட அதிகமாகக் குடித்தால், அடுத்த 6 மாதங்களில் அவருடைய மனச்சோர்வு, மேனியா அறிகுறிகள் இரண்டுமே கூடின, வேலைத்திறன் குறைந்தது. எதிர்த்திசையில் தேடியபோது, மனநிலை கெட்டதால் அடுத்த 6 மாதங்களில் குடி கூடியதாகப் பொதுவில் தெரியவில்லை. ஒரு குறிப்பிட்ட மாலையில் ஒருவர் ஏன் பாட்டிலைத் திறந்தார் என்பதற்கு இந்த ஆய்வு பதில் சொல்லாது. ஆனால் "முதலில் மனசு சரியாகட்டும், குடியை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்" என்று காத்திருப்பதற்கு ஆதாரம் இல்லை என்பதை அது தெளிவாகச் சொல்கிறது. இரண்டையும் ஒரே நேரத்தில், ஒரே மருத்துவர் குழுவிடம் பார்க்க வேண்டும் என்பதே என் உறுதியான கருத்து.

உங்கள் வீட்டில் மட்டும் நடப்பது அல்ல இது. 1990-ல் வெளியான அமெரிக்க மக்கள்தொகை ஆய்வொன்றில், பைபோலார் முதல் வகை (முழு மேனியா வரும் வகை) உள்ளவர்களில் 46% பேருக்கு வாழ்நாளில் ஏதோ ஒரு கட்டத்தில் மதுப் பிரச்சினை இருந்தது. பொதுமக்களில் அது 14%-க்கும் குறைவு. பெண்களிடம் இதைக் கேட்கவே தயங்குகிறோம். பொதுவாகப் பெண்கள் குறைவாகக் குடிப்பதால், பைபோலார் உள்ள பெண்ணுக்கு மற்றப் பெண்களோடு ஒப்பிடுகையில் மதுப் பிரச்சினை வரும் வாய்ப்பு, ஆண்களிடம் காணும் வித்தியாசத்தைவிடப் பல மடங்கு அதிகம்.

குடி மனநிலையைக் கெடுக்கும் முதல் வழி தூக்கம். மது சீக்கிரம் தூங்கவைக்கும், அதனால்தான் அது தூக்க மருந்து என்று நம்பப்படுகிறது. இரவின் முதல் பாதியில் கனவுத் தூக்கம் அமுங்கிப்போகும். ரத்தத்தில் மது இறங்க இறங்க மூளை எதிர்ப்பக்கம் துள்ளும்: விடிகாலை 3, 4 மணிக்கு விழிப்பு, வியர்வை, நெஞ்சடிப்பு, காரணமில்லாத பயம். மற்றவர்களுக்கு இது ஒரு நாள் தலைவலி. பைபோலார் உள்ளவருக்குத் தூக்கம் குறைவதே மேனியாவைத் தூண்டிவிடும் காரணிகளில் மிக வலுவானது. சனிக்கிழமை குடி, ஞாயிறு அரைகுறைத் தூக்கம், திங்கள் எரிச்சல், செவ்வாய் இரவு தூக்கமே இல்லை என்று நோய் ஏறும்போது, செவ்வாய்க்கிழமைக்குள் சனிக்கிழமையை எல்லோரும் மறந்திருப்பார்கள்.

இதைப் பிடிக்க ஒரு சாதாரண நோட்டு போதும். தினமும் காலையில் ஐந்து விஷயம் எழுதச் சொல்லுங்கள்: முந்தைய இரவு தூங்கிய மணி, குடித்த அளவு, சிகரெட் எண்ணிக்கை, மாத்திரை போட்டாரா, மனநிலை −5 முதல் +5 வரை எங்கே. ஆறு வாரம் எழுதினால், குடித்த நாளுக்கும் அடுத்த மூன்று நாளுக்கும் உள்ள தொடர்பு அவர் கண்ணுக்கே தெரியும். அக்கா சொல்லிக் கேட்பதைவிடத் தன் கையெழுத்தில் பார்ப்பது நம்பும்படி இருக்கும். அதில் ஒன்றை மட்டும் தனியாகக் கவனியுங்கள். தூக்கம் குறைந்து மறுநாள் களைப்பாக இருந்தால் அது குடியின் வேலையாகவோ மனச்சோர்வாகவோ இருக்கலாம். நான்கு மணி நேரமே தூங்கியும் களைப்பே இல்லாமல், பேச்சும் திட்டங்களும் செலவும் கூடினால், அது மேனியா கிளம்புகிறது. அன்றே மருத்துவரைக் கூப்பிட வேண்டும்.

குடித்த அளவை எழுதும்போது "கொஞ்சம்தான்" என்று எழுதக் கூடாது. 42.8% வீரியமுள்ள பிராந்தியிலோ ரம்மிலோ 30 மில்லி என்றால் அதில் சுமார் 10 கிராம் தூய ஆல்கஹால். அதை ஒரு அலகு என்று வைத்துக்கொள்ளலாம். டாஸ்மாக் குவாட்டர் 180 மில்லி, ஆக 6 அலகு. பீரை யாரும் குடியாகவே கணக்கில் எடுப்பதில்லை. ஆனால் 8% ஸ்ட்ராங் பீர் 650 மில்லி பாட்டில் ஒன்றில் 40 கிராமுக்கு மேல், அதாவது 4 அலகு இருக்கிறது. "பீர் மட்டும், ரெண்டு பாட்டில்" என்பது ஒரு குவாட்டரைவிட அதிகம். பைபோலார் உள்ளவருக்குப் பாதுகாப்பான அளவு இது என்று எதையும் சொல்ல முடியாது. அந்த மிச்சிகன் ஆய்விலும், அடிமை நிலைக்குப் போகாதவர்களிடமே, தங்கள் வழக்கத்தைத் தாண்டிய மாற்றம் பின்விளைவோடு சேர்ந்து வந்தது.

மேனியா ஏறும்போது குடி கூடுவதும் உண்டு. அப்போது எல்லா இன்பமும் பெரிதாகத் தெரியும், பயம் போய்விடும், கையில் பணம் நிற்காது. சிலர் உள்ளே எரியும் வேகத்தை அடக்கவே குடிப்பார்கள். ஆகவே வழக்கமாகக் குடிக்காத வார நாளில் குடிப்பது, புதுக் கூட்டாளிகளோடு குடிப்பது, ஊருக்கே வாங்கித் தருவது ஆகியவற்றை முன்னறிகுறிகளாகவே குறித்துக்கொள்ளுங்கள்.

மனச்சோர்வுப் பக்கம் இன்னொரு குழப்பம் இருக்கிறது. தொடர்ந்து அதிகமாகக் குடிப்பதே மனச்சோர்வைப் போன்ற ஒரு நிலையை உண்டாக்கும். முழுக்க நிறுத்திய 2 முதல் 4 வாரங்களில் அது பெரும்பாலும் தானாக இறங்கும். குடியைச் சொல்லாமல் "மனசு ரொம்ப சோர்வா இருக்கு" என்று மட்டும் மருத்துவரிடம் சொன்னால், மனச்சோர்வு மாத்திரை எழுதப்படலாம். பைபோலாரில் மனநிலையைச் சமப்படுத்தும் மருந்தின் துணையில்லாமல் அது மேனியாவைக் கிளப்பக்கூடியது. குடிக்கும் அளவை மருத்துவரிடம் மறைப்பதால் வரும் நேரடிச் சேதம் இது.

இனி மருந்துகள். லித்தியத்துக்கு பாதுகாப்பான இடைவெளி குறுகியது. நோய் திரும்பாமல் காக்க ரத்தத்தில் அதன் அளவை லிட்டருக்குப் பெரும்பாலும் 0.6 முதல் 0.8 மில்லிமோல் வரை வைப்பார்கள், 1.5-ஐத் தாண்டினால் நச்சு அறிகுறிகள் எதிர்பார்க்கப்படும். குடித்தால் சிறுநீர் அதிகம் போகும், வாந்தி வரும், தண்ணீரும் உப்பும் குறையும். அப்போது சிறுநீரகம் லித்தியத்தை வெளியே விடாமல் பிடித்துவைக்கும். மறுநாள் தலைவலிக்கு ஐபுப்ரோஃபென், டைக்ளோஃபெனாக் போன்ற வலி மாத்திரைகளைப் போட்டால் அளவு இன்னும் ஏறும். லித்தியம் நச்சின் அறிகுறிகளைப் பாருங்கள்: நடை தள்ளாடும், நாக்கு குழறும், கை வெடவெடவென்று நடுங்கும், வாந்தி, வயிற்றுப்போக்கு, மந்தம். போதையும் ஏறக்குறைய இப்படித்தான் இருக்கும். வீட்டில் "தெளியட்டும்" என்று படுக்கவைத்துவிடுவார்கள், அங்கேதான் ஆபத்து. குடித்த அளவுக்குப் பொருந்தாத தள்ளாட்டம், மறுநாள் மாலைக்குள் தெளியாத குழறல், வயிற்றுப்போக்கோடு சேர்ந்த நடுக்கம், இவற்றில் எது இருந்தாலும் அடுத்த வேளை லித்தியம் கொடுக்காமல் நேராக அவசரப் பிரிவுக்குப் போய், லித்தியம் சாப்பிடுபவர் என்று முதல் வாக்கியத்திலேயே சொல்லுங்கள். நல்ல நாட்களில் அளவு பார்க்கும்போது, கடைசி மாத்திரைக்கு 12 மணி நேரம் கழித்து ரத்தம் எடுத்தால்தான் எண்ணுக்கு அர்த்தம்.

மனநிலையைச் சமப்படுத்தும் இன்னொரு மருந்தான வால்ப்ரோயேட் சாப்பிடுபவருக்குக் கல்லீரல்தான் கவலை. மதுவும் அந்த மருந்தும் ஒரே உறுப்பின் மேல் விழுகின்றன. ஒலான்சபின், குவெட்டியாபின், குளோனசெபாம் போன்ற மயக்கம் தரும் மருந்துகளோடு மது சேரும்போது மயக்கம் கூட்டல் கணக்கை மீறும். மூச்சு மந்தமாகலாம், வாந்தி மூச்சுக்குழாயில் போகலாம். பைபோலாருக்குத் தரும் லாமோட்ரிஜின் என்ற மருந்தில் பலருக்குத் தெரியாத ஒரு விதி உண்டு: குடியில் விழுந்து ஐந்தாறு நாள் மாத்திரையை விட்டுவிட்டால், பழைய 200 மில்லிகிராமை அப்படியே மறுபடி தொடங்கக் கூடாது. உயிருக்கே ஆபத்தான தோல் ஒவ்வாமை வரலாம். மருத்துவரிடம் சொல்லி 25 மில்லிகிராமிலிருந்து மெல்ல ஏற்ற வேண்டியிருக்கும்.

எல்லாவற்றையும்விட நோயைத் திருப்பிக் கொண்டுவருவது, "இன்னிக்குக் குடிச்சிருக்கேன், மாத்திரை வேண்டாம்" என்ற பழக்கம். வாரத்துக்கு இரண்டு நாள் என்றால் மாதத்தில் எட்டு நாள் மருந்து இல்லை. அதே சமயம், நிற்க முடியாத போதையில் வாந்தி எடுப்பவருக்கு மயக்கம் தரும் மாத்திரையைத் திணிக்கவும் கூடாது. இதற்கு வீட்டில் அந்த நேரத்தில் முடிவெடுக்க முடியாது. எந்த மாத்திரையை எந்த நிலையிலும் விடக் கூடாது, எதை அன்று தள்ளலாம் என்று மருத்துவரிடம் முன்கூட்டியே எழுதி வாங்கி அலமாரியில் ஒட்டிவையுங்கள். விட்டுப்போன மாத்திரைக்காக மறுநாள் இரட்டை அளவு போடக் கூடாது. லித்தியத்தில் அது நேரடி ஆபத்து.

புகைக்கு வருவோம். நிக்கோட்டின் ரத்தத்தில் பாதியாகக் குறைய சுமார் 2 மணி நேரம் போதும். குறைந்ததும் எரிச்சல், பதற்றம், கவனமின்மை வரும். அடுத்த சிகரெட் அதை நீக்கும். தம்பி "டென்ஷன் குறையுது" என்று சொல்வது பெரும்பாலும் முந்தைய சிகரெட் உண்டாக்கிய டென்ஷனைத்தான். புகையை விட்டவர்களின் மனநிலையைப் பற்றிய 26 ஆய்வுகளைத் தொகுத்து 2014-ல் வந்த கட்டுரையில், விட்டவர்களுக்குச் சில வாரங்களுக்குப் பிறகு மனச்சோர்வும் பதற்றமும் குறைந்திருந்தன. மனநோய் உள்ளவர்களிலும் அப்படியே. ஆனால் முதல் வாரம் மோசமாகத்தான் இருக்கும். 24 மணி நேரத்துக்குள் தொடங்கி முதல் மூன்று நான்கு நாளில் உச்சிக்குப் போய், 2 முதல் 4 வாரத்தில் அடங்கும். எரிச்சல், தூக்கக் குறைவு, சோர்வு எல்லாமே நோய் திரும்புவது போலத் தெரியும். பயந்து மறுபடி சிகரெட்டைக் கையில் கொடுத்துவிடாதீர்கள். நான்கு வாரம் தாண்டியும் இறங்கவில்லை என்றாலோ, களைப்பில்லாத தூக்கக் குறைவு வந்தாலோதான் அது வேறு விஷயம்.

உங்கள் தம்பி ஒலான்சபின் சாப்பிடுவதால் இந்தப் பகுதியைக் கூர்ந்து படியுங்கள். புகையில் உள்ள தார்ப் பொருள்கள் கல்லீரலில் ஒரு நொதியைத் தூண்டிவிடுகின்றன. அந்த நொதி ஒலான்சபினையும், குளோசபின் என்ற இன்னொரு மனநோய் மருந்தையும் வேகமாகக் கரைத்து வெளியேற்றும். புகைப்பவர் உடலிலிருந்து ஒலான்சபின் சுமார் 40% வேகமாக வெளியேறுகிறது. அதாவது இப்போது அவர் சாப்பிடும் அளவு, சிகரெட்டையும் சேர்த்துச் சரிசெய்யப்பட்ட அளவு. திடீரென விட்டால் ஒரு வாரத்துக்குள் நொதி பழைய நிலைக்குத் திரும்பும். அதே மாத்திரை அதிகமாகிவிடும். பகலெல்லாம் தூக்கம், எழுந்தால் தலைசுற்றல், உடல் விறைப்பு, அகோரப் பசி. "சிகரெட்டை விட்டதும் மந்தமாகிட்டான்" என்று சொல்லி மறுபடி ஆரம்பித்தவர்கள் பலர். அங்கே செய்ய வேண்டியது அளவைக் குறைப்பதுதான். முதல் வாரத்தில் கால் பங்கு குறைத்துப் பார்ப்பது வழக்கம்; அதை மருத்துவர்தான் செய்ய வேண்டும். குளோசபின் என்றால் இது இன்னும் தீவிரம்: ரத்த அளவு ஒன்றரை மடங்கோ அதற்கு மேலோ ஏறி, வலிப்பு வரைக்கும் போகலாம்.

தலைகீழாகவும் நடக்கும். ஒருவர் புகைக்க அனுமதியில்லாத மருத்துவமனை வார்டில் மூன்று வாரம் இருந்து, ஒலான்சபின் 10 மில்லிகிராமில் நன்றாகிறார். வீட்டுக்கு வந்ததும் பழையபடி ஒரு பாக்கெட். மருந்தளவு அப்படியே, ரத்தத்தில் இருப்பது மட்டும் குறைகிறது. ஒரு மாதத்தில் மேனியா. மாத்திரை வேலை செய்யவில்லை என்று சொல்லிவிடுகிறார்கள். இந்தத் தூண்டுதல் நிக்கோட்டினால் வருவதல்ல, எரியும் புகையால் வருவது. பீடிக்கும் இது பொருந்தும். மெல்லும் புகையிலைக்கும் நிக்கோட்டின் பட்டைக்கும் சூயிங்கத்துக்கும் பொருந்தாது. ஆகவே சிகரெட்டிலிருந்து பாக்குப் புகையிலைக்கு மாறினாலும் மருந்தைப் பொறுத்தவரை அது புகையை விட்டது போலத்தான். லித்தியம், வால்ப்ரோயேட், ரிஸ்பெரிடோன், குவெட்டியாபின் ஆகியவற்றுக்கு இந்தத் தொல்லை இல்லை.

காபியை இங்கே மறக்கக் கூடாது. காஃபீனையும் அதே நொதிதான் கரைக்கிறது. புகையை விட்ட பிறகு அதே நான்கு டம்ளர் காபி, உடலுக்கு ஏறக்குறைய எட்டு டம்ளராகத் தெரியும்; படபடப்பும் தூக்கமின்மையும் வரும். விடும் நாளிலிருந்து காபியைப் பாதியாக்குவது நல்லது. ஆனால் லித்தியம் சாப்பிடுபவர் காபியை அடியோடு நிறுத்தினால் லித்தியம் அளவு ஏறலாம். குறையுங்கள், மருத்துவரிடம் சொல்லுங்கள், அளவைச் சோதியுங்கள்.

புகையை விட உதவும் மருந்துகளில் வரெனிக்லினுக்கு ஆதாரம் வலுவானது. 2014-ல் பைபோலார் உள்ள 60 பேரிடம் நடந்த 12 வாரச் சோதனையில், அதைச் சாப்பிட்டவர்களில் 48% பேரும் ஒப்பீட்டுக்காக மருந்தில்லாத மாத்திரை சாப்பிட்டவர்களில் 10% பேரும் விட்டிருந்தார்கள். 2016-ல் எட்டாயிரத்துக்கும் மேற்பட்டவர்களிடம், பாதிப்பேர் மனநோய் உள்ளவர்கள், நடந்த பெரிய சோதனைக்குப் பிறகு, மனநிலைப் பாதிப்பு குறித்த கடுமையான எச்சரிக்கையை அமெரிக்க மருந்துத் துறை நீக்கியது. முதல் 3 நாள் 0.5 மில்லிகிராம் ஒரு வேளை, 4 முதல் 7-ஆம் நாள் வரை இரு வேளை, பிறகு 1 மில்லிகிராம் இரு வேளை. விடும் நாள் எட்டாம் நாள். வெறும் வயிற்றில் போட்டால் குமட்டும். சிறுநீரகம் வழியாகவே வெளியேறுவதால், பல ஆண்டு லித்தியம் எடுத்தவருக்கு முதலில் கிரியாட்டினின் (சிறுநீரகம் எப்படி வேலை செய்கிறது என்று காட்டும் ரத்தப் பரிசோதனை) பார்க்க வேண்டும். இதோடு குடித்தால் சிலருக்குப் போதை வழக்கத்தைவிட அதிகமாக ஏறும். புப்ரோப்பியான் ஒரு மனச்சோர்வு மருந்தும்கூட; புகையை விடுவதற்காக அதைப் பைபோலார் உள்ளவருக்குக் கொடுக்கக் கூடாது என்று பிரிட்டனின் மருந்துக் குறிப்பே சொல்கிறது. நிக்கோட்டின் சூயிங்கம் எளிது, ஆனால் பலர் தவறாக மெல்கிறார்கள். காரம் தெரியும்வரை மென்று, கன்னத்துக்கும் ஈறுக்கும் நடுவே ஒதுக்கி, காரம் அடங்கியதும் மறுபடி மெல்ல வேண்டும். இப்படியே அரை மணி நேரம். காபி, பழச்சாறு குடித்த 15 நிமிடத்துக்குள் போட்டால் சேராது. எழுந்த அரை மணி நேரத்துக்குள் முதல் சிகரெட் பிடிப்பவருக்கு 4 மில்லிகிராம் தேவைப்படும்.

குடியை எப்படி நிறுத்துவது என்பது ஒரே ஒரு கேள்வியில் பிரிகிறது: குடிக்காத காலையில் கை நடுங்குகிறதா? நடுக்கம், வியர்வை, காலையிலேயே ஒரு மடக்கு தேவைப்படுவது இருந்தால் வீட்டில் ஒரேயடியாக நிறுத்தக் கூடாது. கடைசிக் குடிக்குப் பின் 6 முதல் 48 மணி நேரத்துக்குள் வலிப்பு வரலாம். 2 முதல் 4 நாளில், இல்லாததைப் பார்ப்பது, இடம் நேரம் தெரியாமல் போவது, காய்ச்சல், கடும் நடுக்கம் சேர்ந்த நிலை வரலாம். இதை மேனியா என்று எண்ணி மனநோய் மாத்திரையைக் கூட்டிக்கொண்டிருந்தால் உயிருக்கு ஆபத்து. மேனியாவில் பேச்சு தறிகெட்டாலும் தான் எங்கே இருக்கிறோம் என்பது பெரும்பாலும் தெரியும். இங்கே அது தெரியாது. மருத்துவமனையில் குளுகோஸ் ஏற்றும் முன் தையமின் (வைட்டமின் B1) ஊசி போட்டாகிவிட்டதா என்று கேளுங்கள். நடுக்கமே இல்லாத வாரக்கடைசிக் குடி என்றால் மருத்துவர் மேற்பார்வையில் வீட்டிலேயே நிறுத்தலாம். குடிக்கும் ஏக்கத்தைக் குறைக்க நால்ட்ரெக்ஸோன் அல்லது அகாம்ப்ரோசேட் தருவார்கள். முன்னதற்குக் கல்லீரலும் பின்னதற்குச் சிறுநீரகமும் நன்றாக இருக்க வேண்டும். 2005-ல் 59 பேரிடம் நடந்த சோதனையில், வழக்கமான சிகிச்சையோடு வால்ப்ரோயேட் சேர்த்தபோது அதிகமாகக் குடித்த நாட்கள் குறைந்தன. மருந்தைத் தேர்வு செய்யும்போது மருத்துவரிடம் கேட்கத் தகுந்த விஷயம்.

சாப்பாட்டில் தெரியாமல் கலந்து கொடுக்கும் "குடி நிறுத்தும் மருந்து" எதையும் தயவுசெய்து தொடாதீர்கள். அவற்றில் டைசல்ஃபிராம் என்ற மருந்து இருந்து, அவர் குடித்துவிட்டால், முகம் சிவந்து, வாந்தி எடுத்து, ரத்த அழுத்தம் சரிந்து இறக்கவும் கூடும். மாத்திரையை நிறுத்திய பின்னும் இரண்டு வாரம் வரை அந்த ஆபத்து உண்டு. அதுவே மேனியாவையும் மனப்பிறழ்வையும் கிளப்பியதாகப் பதிவுகள் இருக்கின்றன. தெரிந்தே எடுப்பவரும் இருமல் மருந்து, அரிஷ்டம் ஆகியவற்றில் உள்ள மதுவுக்குக்கூடக் கவனமாக இருக்க வேண்டும்.

இரண்டையும் சேர்த்து நிறுத்தலாமா? மனநிலை சில வாரங்களாகச் சமமாக இருக்கும்போது, மருத்துவரின் திட்டத்தோடு, நிறுத்தலாம். குடிக்கும்போது புகை, புகைக்கும்போது குடி என்று ஒன்று மற்றொன்றை அழைப்பதால், பலருக்குச் சேர்த்து விடுவதே எளிது. மேனியா நடுவிலோ ஆழ்ந்த சோர்விலோ இருக்கும்போது குடியை மட்டும் முதலில் கையில் எடுங்கள், சிகரெட் சில வாரம் காத்திருக்கலாம்.

ஒரு விஷயத்தில் மட்டும் காத்திருக்கவே கூடாது. பைபோலாரில் தற்கொலை ஆபத்து பொதுமக்களைவிடப் பல மடங்கு. குடித்திருக்கும்போது யோசிப்பதற்கும் செய்வதற்கும் இடையிலான நேரம் சுருங்கிவிடும். சாவைப் பற்றிப் பேசினால் தனியே விடாதீர்கள், மாத்திரைகளையும் பூச்சிமருந்தையும் பூட்டிவையுங்கள். உதவி எண்கள்: இந்தியாவில் டெலி மானஸ் என்ற மனநல உதவி எண் 14416, தமிழ்நாட்டில் 104, இலங்கையில் 1926. மூன்றிலும் தமிழில் பேசலாம்.

அடுத்த முறை மருத்துவரிடம் போகும்போது அந்த நோட்டையும் எடுத்துப் போங்கள். மூன்று பரிசோதனை கேளுங்கள்: 12 மணி நேர லித்தியம் அளவு, கிரியாட்டினின், கல்லீரல் செயல்பாடு. புகையை விடும் தேதியை முன்பே சொல்லி, அந்த வாரம் ஒலான்சபினை எவ்வளவு குறைப்பது, எந்த நாளில் மறுபடி காட்டுவது என்பதைச் சீட்டிலேயே எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.